காலடியிலுள்ள பூமி: இடைநிலைப் பாடசாலைகளிற் புவி விஞ்ஞானக் கல்வி பற்றிய ஒரு விமரிசன நோக்கு

ஒரு சமூகம் தான் வாழும் நிலத்தைப் பற்றிக் கொண்டிருக்கும் அறிவு இரு வழிகளால் அமைவது. அந்நிலத்தில் உழைத்தோர் பட்டறிவாற் பெற்றுத் தலைமுறை தலைமுறையாகக் கையளித்த அறிவு ஒன்று. முறைசார்ந்த கல்வியினூடாக வந்துசேரும் விஞ்ஞான அறிவு மற்றொன்று. எந்தக் கிணற்றில் எந்த மாதத்தில் உவர் ஏறும் என்பதை யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் அறிவர். எந்தச் சரிவில் மழைக்காலத்திற் கால் வைக்கலாகாது என்பதை மலையகத் தொழிலாளர் அறிவர். 'ஏன்' என்ற வினாவுக்கு விடை கூறுவது பாடசாலையின் கடமை. இக்கடமை இலங்கையின் இடைநிலைப் பாடசாலைகளில், சிறப்பாகத் தமிழ்மொழி மூலப் பாடசாலைகளில், எவ்வளவிற்கு நிறைவேறியுள்ளது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புவி விஞ்ஞானம் எனும்போது, பாறையும் மண்ணும் நிலக்கீழ் நீரும் கடலும் வளிமண்டலமும் எவ்வாறு தோன்றின, எவ்வாறு ஒன்றையொன்று மாற்றுகின்றன என்பவற்றை ஆராயும் துறைகளின் தொகுதியே ஈண்டுக் கருதப்படுகின்றது. இப்பெயரில் தனிப் பாடமொன்று நாட்டின் இடைநிலைப் பாடசாலைகளில் இல்லை. அதன் கூறுகள் இரு வேறு பாடங்களிற் சிதறிக் கிடக்கின்றன. பாறை வகை, தரைத்தோற்றம், காலநிலை என்பன புவியியலுக்குரியன. அடர்த்தி, அமுக்கம், அலை, இரசாயனத் தாக்கம் என்பன விஞ்ஞானத்துக்குரியன. புவியியல் க.பொ.த. சாதாரண தரத்தில் விரும்பியோர் தெரிவுசெய்யும் பாடங்களுள் ஒன்று. உயர்தரத்திலோ அது பெரும்பாலும் கலைப்பிரிவின் பாடமாகவே பயிலப்படுகின்றது. இதன் விளைவு வெளிப்படையானது. பாறைகளின் பெயர்களை அறிந்த மாணாக்கர் அவற்றை ஆக்கியும் அழித்தும் வரும் விதிகளைப் பாதிவழியிற் கைவிடுகின்றனர்; விதிகளை அறிந்த மாணாக்கர் அவை தொழிற்படும் நிலத்தைக் கைவிடுகின்றனர்.

1972 ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் இப்பிளவை நீக்கும் வாய்ப்பினைக் கொண்டிருந்தது. பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் என்பன ஒருங்கிணைந்த விஞ்ஞானமாகவும், வரலாறு, புவியியல், குடியியல் என்பன சமூகக் கல்வியாகவும் இணைக்கப்பட்டன. ஒவ்வொரு வளவினுள்ளும் இருந்த வேலிகள் அகற்றப்பட்டன. ஆனால் இரு வளவுகளுக்கும் இடையிலிருந்த மதில் முன்னரிலும் உயர்ந்தது. பிற்காலத்தில் வரலாறும் புவியியலும் மீண்டுந் தனிப் பாடங்களாயின. மதில் மாத்திரம் இன்றும் நிற்கின்றது. அதன் விளைவுகளை நான்கு எடுத்துக்காட்டுகளால் நோக்கலாம்.

சுண்ணாம்பு நீரும் நிலாவரையும்

முதலாவது யாழ்ப்பாணக் குடாநாட்டின் நீர். இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் மிகத் தொன்மையான உருமாறிய பாறைகளால் ஆனது. குடாநாடோ மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக் கல்லின்மீது அமைந்தது. அக்காலம் இற்றைக்கு 230 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி ஏறத்தாழ 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிவுற்றது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லாத இந்நிலத்தில், மாரி மழை கல்லின் வெடிப்புகளினூடாக இறங்கி நிலத்தின்கீழ்த் தங்குகின்றது. குடிநீரும் தோட்டமும் வெங்காயமும் புகையிலையும் அந்நீரையே நம்பியுள்ளன.

இவ்வளவும் புவியியல் வகுப்பிற் கூறப்படுவது. விஞ்ஞான வகுப்பில் நிகழும் ஒரு பரிசோதனையை இதனோடு வைத்து நோக்குதல் வேண்டும். தெளிந்த சுண்ணாம்பு நீரினுள் காபனீரொட்சைட்டைச் செலுத்த அது பால்நிறமாகின்றது. மேலும் செலுத்த மீண்டும் தெளிகின்றது. முன்னையது கல்சியங் காபனேற்று வீழ்படிவாதல். பின்னையது அது கல்சியம் இருகாபனேற்றாக மாறிக் கரைந்து போதல். மாணாக்கர் சமன்பாடுகளை எழுதிப் புள்ளிகளைப் பெறுகின்றனர். வளியிலும் மண்ணிலுமுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்ட மழைநீர் குடாநாட்டின் கல்லைப் பன்னெடுங் காலமாகக் கரைத்துவருவதும் இதே தாக்கத்தினாலேயே. நிலாவரைக் கேணி போன்ற குழிகளும் நிலத்தடிக் குகைகளும் அதனால் விளைந்தவை. வீட்டுக் கேத்தலின் அடியிற் படியும் வெண்படையோ அத்தாக்கத்தின் மறுதலை. இராமன் அம்பெய்து நிலாவரையைத் தோற்றுவித்தான் என்ற ஐதிகத்தை மாணாக்கர் வீட்டிற் கேட்கின்றனர். சமன்பாட்டை வகுப்பிற் கற்கின்றனர். இரண்டையும் ஒரே கேணியின் கரையில் நிறுத்தி, 'இக்குழி எவ்வாறு வந்தது?' என்று கேட்கும் பாடவேளை எதுவுமில்லை.

இக்குறை அறிவுக் குறையோடு நின்றுவிடுவதன்று. குடாநாட்டின் நன்னீர் நிலத்தின்கீழ் உவர்நீரின்மீது மிதந்துகொண்டிருப்பது. கடல்நீரின் அடர்த்தி நன்னீரினதிலும் நாற்பதில் ஒரு பங்கு கூடியது. எனவே கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நிற்குமாயின் அம்மட்டத்துக்குக் கீழ் ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் நிற்கும். 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான கைபனும், 1901 இல் ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க்கும் கண்ட தொடர்பு இது. குகைகளும் வெடிப்புகளும் நிறைந்த சுண்ணாம்புக் கல்லில் இவ்விகிதம் பிசகாது அமையும் எனக் கொள்ள முடியாதெனினும் அதன் எச்சரிக்கை தெளிவானது: மேலே ஓரடி நீரை இறைத்துக் குறைத்தால் கீழே உவர்நீர் நாற்பதடி உயர முனையும். துலாவினால் இறைத்த காலத்தில் மனித உடலின் களைப்பே நீரெடுப்புக்கு எல்லை வகுத்தது. நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவியபின் அவ்வெல்லை நீங்கிற்று. அதனிடத்தில் வைக்கப்பட்டிருக்க வேண்டியது அறிவினாலான எல்லை. உயர்தரப் பௌதிகவியல் மாணாக்கர் மிதக்கும் பொருள்கள் பற்றிய கணக்குகள் பலவற்றைச் செய்கின்றனர். அவர்களுட் பலரின் பெற்றோர் தோட்டஞ் செய்பவர்கள். கட்டைகளும் கப்பல்களும் மிதக்கும் அக்கணக்குகளில் அவர்களது கிணற்று நீர் மிதப்பதில்லை.

மூன்று சமவெளிகள்

இரண்டாவது எடுத்துக்காட்டு, விஞ்ஞான அறிவு பாடமாக மாறும்போது அடையும் சிதைவு பற்றியது. இலங்கையின் தரைத்தோற்றம் மூன்று அரிப்புச் சமவெளிகளைக் கொண்டது என்பதும், அவை ஏறத்தாழ 400 அடி வரையும் 1,600 அடி அளவிலும் 6,000 அடி அளவிலும் அமைந்துள்ளன என்பதும் புவியியல் பயின்ற எவரும் மனனஞ் செய்தவை. இவை இயற்கையே கல்லிற் பொறித்து வைத்த படிகள் போன்று கற்பிக்கப்படுகின்றன. உண்மையில் இது ஒரு விவாதத்தின் எச்சமாகும். 1929 இல் கனடிய அறிஞரான அடம்ஸ் மூன்று மேற்பரப்புகளை அடையாளங் கண்டு, தீவு கட்டங்கட்டமாக உயர்ந்தபோது ஒவ்வொரு கட்டத்திலும் நிகழ்ந்த அரிப்பின் விளைவாக அவற்றை விளக்கினார். அவ்விளக்கத்தின்படி மிக உயர்ந்த சமவெளியே மிகப் பழையது. 1938 தொடக்கம் இலங்கையில் அரச கனிப்பொருளியலாளராகப் பணியாற்றிய இந்திய அறிஞர் வாடியா இதனை மறுத்தார். ஒரே சமவெளி உடைந்து, அதன் பகுதிகள் வெவ்வேறு உயரங்களுக்கு உயர்த்தப்பட்டன என்பது அவர் கருத்து. பேராசிரியர் குலரத்தினம் முதலியோர் பின்னர் இவ்விவாதத்திற் பங்குகொண்டனர். அண்மைக் காலத்தில் மணற் பருக்கைகளில் அண்டக் கதிர்களால் உண்டாகும் மூலகங்களை அளந்த ஆய்வாளர், மலைநாட்டின் இயற்கையான அரிப்பு ஆயிரம் ஆண்டுக்கு ஓரிரு சென்ரிமீற்றர் அளவினதே என்றும், பயிர்செய்யப்படும் சரிவுகளில் அது பன்மடங்காகின்றது என்றுங் கண்டுள்ளனர்.

ஹோட்டன் சமவெளியின் உலகமுடிவு விளிம்பில் நின்று கீழே நோக்கும் மாணாக்கரிடம், 'இச்சரிவை ஆறு வெட்டியதா, நிலம் உடைந்து உயர்ந்ததா? எதைக் கண்டால் எதனை நம்புவீர்?' என்று வினவினால் அது புவி விஞ்ஞானம். 'இரண்டாவது சமவெளியின் உயரம் யாது?' என்று வினவினால் அது நினைவாற்றற் சோதனை. பரீட்சை மண்டபத்திற் பெரிதும் விலைபோவது பின்னையதே. இலக்கிய விமரிசனத்தில் ஒரு நூலைப் பற்றி இரு திறனாய்வாளர் முரண்படுவதைக் கலைப்பிரிவு மாணாக்கர் இயல்பாக ஏற்கின்றனர். ஒரு மலையைப் பற்றியும் அறிஞர் முரண்படலாம் என்பதும், அம்முரண்பாடு சான்றுகளாலே தீர்க்கப்பட வேண்டியது என்பதும் அவர்களுக்குச் சொல்லப்படுவதில்லை. முடிந்த முடிபுகளின் பட்டியலாக விஞ்ஞானம் வந்துசேர்வதால், அதனை ஐயுறவும் ஆராயவும் அவர்கள் பழகுவதில்லை.

கடல் தந்த பாடம்

மூன்றாவது எடுத்துக்காட்டைத் துயரத்தோடன்றிக் கூற இயலாது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி காலை சுமாத்திரா அருகே கடலின்கீழ் நிலம் உடைந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தின் பின்னரே அலைகள் இலங்கையின் கீழ்க்கரையை அடைந்தன. அவ்விரண்டு மணி நேரமும் வீணாயிற்று. 30,000 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர். தமிழ் மாணாக்கர் 'கடல்கோள்' என்ற சொல்லை அறியாதவர்களல்லர். இறையனார் அகப்பொருள் உரை கூறும் முச்சங்க வரலாற்றில் அது வருகின்றது. இலக்கிய வரலாற்று வினாவிடைகளிலும் வருகின்றது. ஆயின் அச்சொல் தொல்கதையின் சொல்லாக இருந்ததேயன்றி ஒரு பௌதிக நிகழ்வின் பெயராக இருக்கவில்லை.

அதே நாளில் வேறிரு இடங்களில் நிகழ்ந்தவை ஒப்பிடத்தக்கவை. தாய்லாந்தின் புக்கெற் தீவில், டில்லி சிமித் என்ற பத்து வயது ஆங்கிலச் சிறுமி கடல் நுரைத்துப் பொங்குவதைக் கண்டாள். இரு வாரங்களுக்கு முன்னர்ப் புவியியல் வகுப்பிற் கற்றதை நினைவுகூர்ந்து பெற்றோரை எச்சரித்தாள். அக்கடற்கரையில் நின்றோர் உயிர் தப்பினர். சுமாத்திராவுக்கு அண்மையிலுள்ள சிமலூ தீவிலோ மக்களைக் காத்தது பாடசாலையன்று. 1907 இல் தம் முன்னோர் பட்ட அனுபவத்தைப் பாட்டாகவும் கதையாகவும் அவர்கள் பேணி வந்தனர். நிலம் அதிர்ந்ததும் மேட்டை நோக்கி ஓடினர். அத்தீவில் மாண்டோர் மிகச் சிலரே. ஓரிடத்தில் முறைசார் கல்வியும் மற்றோரிடத்தில் மரபறிவும் காத்தன. இலங்கையின் கரையில் இவ்விரண்டுமே கைகொடுக்கவில்லை.

சுனாமிக்குப் பின்னர் அது பற்றிய அறிவு பரவியது உண்மையே. எனினும் பெரிதும் பரவியது ஒரு வாய்பாடு: 'கடல் உள்வாங்கினால் ஓடு.' இவ்வாய்பாடு பாதி உண்மை. உடைவின்போது கடற்றளத்தின் மேற்குப் பகுதி உயர்ந்தது. கிழக்குப் பகுதி தாழ்ந்தது. ஆகவே கிழக்கே தாய்லாந்தை நோக்கி அலையின் தாழி முதலிற் சென்றது. அங்கே கடல் முதலில் உள்வாங்கிற்று. மேற்கே இலங்கையை நோக்கி அலையின் முடி முதலில் வந்தது. நீர் முதலில் உயர்ந்தது. இரு அலைகளுக்கிடையிலேயே இங்கு கடல் பின்வாங்கியது. கடற்றளத்தைப் பார்க்கச் சென்றவர்களைப் பின்வந்த அலை கொண்டுசென்றது. காரணத்தை விடுத்து வாய்பாட்டை மாத்திரங் கற்ற கீழ்க்கரைச் சிறுவன், கடல் உள்வாங்குவதைக் காத்துக்கொண்டே நிற்கக்கூடும். முடியும் தாழியும் விஞ்ஞான வகுப்பிற் கற்பிக்கப்படுபவை. சுனாமி புவியியல் வகுப்பிற் கற்பிக்கப்படுவது. இங்கும் அதே மதில் குறுக்கே நிற்கின்றது. சுண்ணாம்பு நீர் விடயத்தில் அம்மதிலின் விலை சில புள்ளிகளாகத் தோன்றலாம். கடற்கரையில் அதன் விலை உயிர்.

நான்காவதான மலைச்சரிவு பற்றியும் இதையே கூறலாம். ஆனால் அங்கு வேறொரு உண்மையையும் சேர்த்துக் கூறவேண்டும். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து தொழிலாளரின் லயன் வீடுகளைப் புதைத்தது. பாறை வானிலையாலழிந்து உண்டான தளர்ந்த மண் செங்குத்தான சரிவில் தடித்துக் கிடப்பதும், நெடுமழையின் நீர் அதன் நுண்டுளைகளை நிரப்பி மண்ணின் பிடிப்பைத் தளர்த்துவதும் சரிவுக்குக் காரணங்கள். நிலத்தில் வெடிப்பு, மரங்களின் சாய்வு, ஊற்றுநீர் திடீரெனக் கலங்குதல் ஆகியன அதன் முன்னறிகுறிகள். இவற்றை ஒரு மாணவி அறிந்திருப்பது அவசியம். ஆயினும் அவ்விடம் ஆபத்தானது என்பது முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. அங்கிருந்தோர் செல்வதற்கு வேறு காணியோ வீடோ இருக்கவில்லை. அறிவு வீடு கட்டித் தராது. ஆனால் எந்தச் சரிவில் எவரது வீடு எதனால் அமைந்தது என்று கேட்கும் வலிமையை அது தரும். அவ்வலிமை அதிகம் வேண்டியவர்களின் பிள்ளைகள் பயிலும் பாடசாலைகளே விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறையால் அதிகம் வருந்துவன என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

பழி எதன்மேல்?

இக்குறைகளுக்குத் தமிழ்மொழி மூலக் கல்வியே காரணம் என்போர் உளர். இக்கூற்று ஆராய்வுக்கு நின்றுபிடிப்பதன்று. அரசகரும மொழித் திணைக்களத்தின் சொற்றொகுதிகள் வழியாகவும் ஆசிரியர்களின் வழக்கினாலும் நிலைபெற்ற கலைச்சொற்களை நோக்குக. 'அடையற் பாறை' என்பது அது உண்டான முறையைக் கூறுகின்றது. 'வானிலையாலழிதல்' என்பது அழிப்பது எது என்பதையும் கூறுகின்றது. 'புவிச்சரிதவியல்' என்ற சொல்லோ, பாறை ஒரு சரிதத்தின் ஏடு என்ற கருத்தையே தன்னுள் அடக்கியுள்ளது. செங்கை ஆழியான் என்ற பெயரில் நாவலாசிரியராக அறியப்பட்ட க. குணராசா புவியியல் நூல்களையும் எழுதினார். அவற்றைக் கற்றுப் பல்கலைக்கழகம் புகுந்தோர் பலர். சொற்கள் போதாமல் இல்லை. சொல்லைக் கற்றவர் அது குறிக்கும் பொருளிடத்துக்குப் போகாமையே குறை.

ஆசிரியர் மீது மட்டும் பழிசுமத்துவதும் நேர்மையாகாது. 1983 முதல் 2009 வரை நீண்ட போரில் வடக்கிலும் கிழக்கிலும் ஒரு வகுப்பை வெளியே அழைத்துச் செல்வது உயிராபத்தாக இருந்த காலங்கள் உண்டு. அக்காலத்திற் பதுங்குகுழி வெட்டிய குடாநாட்டுச் சிறுவர்கள் செம்பாட்டு மண்ணின் ஆழத்தையும், அதன்கீழ் மண்வெட்டியைத் தடுக்கும் சுண்ணாம்புக் கல்லையும் தம் கைகளாலேயே கண்டனர். எந்தப் பாடநூலும் காட்டாத மண் பக்கப்பார்வையை வாழ்க்கை அவர்களுக்குக் காட்டிற்று. ஆனால் அதைக் கல்வியாக மாற்றும் அமைதி அன்று இருக்கவில்லை. போர் முடிந்தபின் அவ்விளக்கம் செல்லாது. இன்று வகுப்பறைக் கதவை மூடி வைத்திருப்பது பரீட்சையே. கடந்தகால வினாத்தாள்களைச் சுற்றி அமைந்த தனியார் வகுப்புகள், களத்துக்குச் செலவிடப்படும் ஒரு பிற்பகலை வீண் என்றே கணிக்கின்றன.

செய்யத்தக்கன

கலையும் விஞ்ஞானமும் ஒருவரிடத்தே கூடிவாழ இயலாதன என்ற எண்ணம் இந்நாட்டின் வரலாற்றுக்கே மாறானது. கலை வரலாற்றறிஞராக உலகறிந்த ஆனந்த குமாரசுவாமி, புவிச்சரிதவியலாளராகவே தம் பணியைத் தொடங்கினார். இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்கு முதற் பணிப்பாளராக இருந்தவர் அவர். 1904 இல் அறியப்பட்ட தோரியனைற்று என்ற கனிப்பொருளின் கண்டுபிடிப்பிலும் அவருக்குப் பங்குண்டு. கல்லைத் தேடிக் கிராமங்களூடாக நடந்தபோதே அக்கிராமங்களின் கைவினைகள் அழிந்துவருவதைக் கண்டார். 1908 இல் வெளிவந்த மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவரது நூல் அந்நடையின் பயன் எனலாம். நிலத்தைப் பார்க்கக் கற்ற கண் அதன்மேல் வாழும் மனிதரையும் பார்க்கத் தவறவில்லை.

புதிய பாடமொன்றை உருவாக்குதல் நெடுங்காலப் பணி. அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பெரும்பாலான பாடசாலைகளில் ஒரு கிணறு உண்டு. ஒரு கயிறும், அதன் நுனியிற் கட்டிய பாரமும், ஒரு குறிப்புப் புத்தகமும் இருந்தால் மாதந்தோறும் நீர்மட்டத்தை அளக்கலாம். வெறும் போத்தலும் புனலும் மழைமானியாகும். மலையகப் பாடசாலையாயின் சரிவில் அறைந்த இரு முளைகளுக்கிடையிலான தூரம் அளக்கப்படலாம். கீழ்க்கரையாயின் மணற்கரை ஆண்டுதோறும் நகரும் எல்லை குறிக்கப்படலாம். மூன்று ஆண்டுகளின் பதிவு இருந்தால் அதனைப் புவியியல் ஆசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் ஒரே மேசையில் வைத்து ஒரே வகுப்புக்குக் கற்பிக்க முடியும். பரீட்சையிலும், தரப்பட்ட அளவீடுகளிலிருந்து காரணத்தை உய்த்தறியும் வினாவொன்றாவது கட்டாயமாதல் வேண்டும். வினா மாறினாற் கற்பித்தலும் மாறும் என்பது அனுபவ உண்மை.

இக்கலைப்பீடத்திலிருந்து ஆண்டுதோறும் வெளியேறுவோரிற் கணிசமானோர் புவியியல் ஆசிரியர்களாகச் செல்லவிருப்பவர்கள். விஞ்ஞானபீடம் அவர்களது விரிவுரை மண்டபங்களிலிருந்து நெடுந்தொலைவில் இல்லை. ஆசிரியராகும் முன்னரே அங்கு சென்று ஒரு கற்றுண்டைக் கையில் எடுத்து, அது எவ்வாறு ஆயிற்று என்று கேட்கும் வழக்கம் ஏற்படுமாயின், நாளை அவர்களது வகுப்பிலிருந்து ஒரு பிள்ளை தன் வீட்டுக் கிணற்றையோ சரிவையோ கடலையோ பார்த்து உரிய வேளையில் உரிய வினாவைக் கேட்கும். அவ்வினாவைக் கேட்கும் பிள்ளைகளை உருவாக்குவதே இந்நாட்டிற் புவி விஞ்ஞானக் கல்வியின் முதற்கடன்.